செம்பாவுக்கு என்ன குறை?

போன வாரம் விருதுநகரில் ஒரு கல்யாணம். பந்திக்குப் போகும் வழியில் ஒரு அம்மா என்னை மறித்தார். பட்டுச்சேலை, இடுப்பில் தூங்கி வழியும் பேத்தி.

“நீங்கதான அந்தக் குருதையப் பத்தி பத்திரிகையில எழுதினவுக?”

“ஆமாம்மா.” குருதை என்றது என் குதிரையை.

“இப்பம் எப்படி இருக்கு? ஒளுங்காத் தீனி எடுக்கா? மக வந்து பாத்துட்டுப் போனாகளா? அன்னைக்கு அதப் படிச்சுட்டு அடுப்படியில நின்னே அளுதுட்டேன் அண்ணாச்சி.”

“நல்லா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு நழுவினேன். அந்த அம்மா எதை நினைத்து அழுதாரோ, அது நடக்கவே இல்லை. ஐந்து மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் நான் எழுதியது தப்பு. திருத்துவதும் இதே பக்கத்தில்தானே முறை?

அப்போது படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை.

எனக்கு சிவகாசியில் லேபிள் அடிக்கும் பிரஸ். பட்டாசுப் பெட்டிகளின் மேல் சிரிக்கும் மயிலும் குழந்தைகளும் எங்கள் மெஷினிலிருந்தும் வருபவைதான். ஆனைக்குட்டம் அணைப் பக்கம் சின்னதாக ஒரு தோட்டம். அங்கேதான் செம்பா. செம்பழுப்பு நிறம். காது நுனிகள் இரண்டும் உள்பக்கமாக வளைந்து ஒன்றை ஒன்று தொடப் பார்க்கும். என் ஒரே மகள் கயல், பத்தாவது முடித்த லீவில் அடம்பிடித்து வாங்க வைத்த குதிரை.

எட்டு வருஷம். காலையில் கயல் சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனால் செம்பா தானாகவே வந்து பக்கவாட்டில் நிற்பாள். அணைக்கரை வரைக்கும் சவாரி. திரும்பி வந்ததும் குளியல் — இரண்டு பேருக்கும் ஒரே மோட்டார் பம்ப்பில்.

போன வருஷம் ஆடியில் கயல் மேல்படிப்புக்கு ஜெர்மனி போனாள். ஏர்போர்ட்டில் நான் அழவில்லை. என் மனைவி சாந்திதான் அழுதாள். இதை நான் எல்லோரிடமும் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஐப்பசியில் தீபாவளி லோடெல்லாம் போய் பிரஸ் ஓய்ந்துவிட்டது. கையில் வேலை இல்லாத காலை நேரங்கள். தோட்டத்தில் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த சேணத்தை ஒருநாள் எடுத்துத் தூசி தட்டினேன். ஐம்பத்து நான்கு வயதில் குதிரையேற்றம்.

“விளுந்து இடுப்ப ஒடிச்சுக்கிட்டு வந்தா நான் பாக்க மாட்டேன்” என்றாள் சாந்தி.

ஏன் ஏறினேன்? உடற்பயிற்சி என்று சிலரிடம் சொன்னேன். ரொம்ப நாள் ஆசை என்று சிலரிடம் சொன்னேன். உண்மை அதெல்லாம் இல்லை. மகள் உட்கார்ந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான்.

தோட்டத்தையும் மாடுகளையும் செம்பாவையும் பார்த்துக்கொள்பவர் முத்துலட்சுமி. முன்பு பட்டாசு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவர். “உசுரோட இருக்கதுக கூடவே வேல பாத்துக்கிடுதேன்” என்று சொல்லி எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டார். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க, நான் மேலே பயந்து பயந்து உட்கார்ந்திருக்க... இப்படி மூன்று வாரம். நாலாவது வாரம் தனியாக அணைக்கரைக்குப் போய்விட்டேன்.

அந்தக் காலையை என்ன சொல்ல? நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிற தண்ணீர்தான். ஆனால் குதிரை மேலிருந்து பார்த்தால் அது வேறாக இருந்தது. கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கம் கம்பெனி ஷெட்டுகள் தள்ளித் தள்ளி நிற்பது தெரிந்தது. ஒரு நாரை எனக்குக் கீழே பறந்து போனது. இதைத்தான் தினமும் பார்த்தாளா? எட்டு வருஷத்தில் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையே... நான் எப்போதாவது கேட்டேனா?

அன்று முதல் ஒருநாள் விடாமல் போனேன்.

கார்த்திகை வாக்கில் செம்பா மாறினாள். சேணத்தைக் கண்டதும் காதுகள் பின்னால் போய்க் கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். வயிற்றுப் பட்டியை இறுக்கினால் சட்டென்று தலையைத் திருப்பிக் காற்றைக் கடிப்பாள். ஈ இல்லாத நேரத்திலும் வாலை விசிறி விசிறி அடிப்பாள். ஓடச் சொன்னால் நடப்பாள், நடக்கச் சொன்னால் நிற்பாள். கரையிலிருந்து இறங்கும் சரிவில் ஒருநாள் அசையவே மறுத்துவிட்டாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

எங்கள் பக்கம் ‘தேடுது’ என்பார்கள். காணாமல் போன சாவியைத் தேடுவது இல்லை. ஊருக்குப் போன பிள்ளையை நினைத்து மனசு ஏங்குவது. செம்பாவுக்குக் கயலைத் தேடுகிறது. வேறு என்னவாக இருக்கும்?

ஆதாரம்கூட வைத்திருந்தேன். வீடியோ காலில் கயல் “செம்பாக்குட்டி” என்று கூப்பிட்டதும் படுத்துக்கிடந்த காதுகள் நிமிர்ந்து முன்னால் வந்தன. இதற்கு மேல் என்ன வேண்டும்? சாந்தியிடம் சொன்னேன். பிரஸ்ஸில் சொன்னேன். தை மாதம் உங்களிடமும் சொன்னேன். கடிதங்கள் குவிந்தன. சாத்தூரிலிருந்து ஒரு ரிடையர்டு வாத்தியார் செம்பாவுக்கென்று மண்டைவெல்லம் அனுப்பினார்.

முத்துலட்சுமி மட்டும் நம்பவில்லை.

“அண்ணாச்சி, சொன்னாக் கோவிச்சுக்கிடாதீக. கயலு பாப்பா போனது ஆடியில.”

“ஆமா.”

“ஆவணி, பெரட்டாசியெல்லாம் இது நல்லாத்தான் இருந்துச்சு. மேயும், மண்ணுல உருளும், என் முந்தானையப் பிடிச்சு இளுக்கும். மூஞ்சியச் சுளிக்க ஆரம்பிச்சது நீங்க ஏறுன பொறவுதான்.”

எனக்குச் சுருக்கென்றது. “பாப்பா வரமாட்டான்னு அதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் உறைக்கும் முத்துலட்சுமி.”

“இருக்கும்... ஆனா பிரஷ் போட்டுத் தேய்க்கையில ஒரு எடம் வந்தா ஒடம்பு அப்படியே கீள போகுது. எனக்கென்னமோ முதுகு நோவுதுன்னுதான் தோணுது.”

கேட்டுக்கொண்டேன். மறுநாளும் ஏறினேன். அதற்கு மறுநாளும். மூன்று வாரம்.

ஏன் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுப் பார்த்தேன். வலி என்றால் நான் இறங்க வேண்டும். ஏக்கம் என்றால்... ஏறிக்கொண்டே இருக்கலாம்.

மாசியில் மாடுகளுக்கு ஊசி போட கால்நடை டாக்டர் வந்தார். முப்பது வயது இருக்கும், விருதுநகர்ப் பெண். மாட்டு வேலை முடிந்தும் அவர் கிளம்பவில்லை. முத்துலட்சுமி ஏற்கெனவே அவர் காதில் போட்டுவைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

“சார், ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்களேன்.”

எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். ஏறினேன். பாதிச் சுற்று முடிந்திருக்காது.

“இறங்குங்க சார்.”

குரலை உயர்த்தவில்லை. ஆனால் நான் உடனே இறங்கினேன்.

சேணத்தைக் கழற்றினோம். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ஏதோ ஒரு கம்பெனியில் வெடியை டெஸ்ட் பண்ணினார்கள். நான் திடுக்கிட்டேன். செம்பா காதைக்கூட ஆட்டவில்லை. எட்டு வருஷமாகக் கேட்கிற சத்தம். டாக்டர் இரண்டு விரலை வைத்து, முதுகெலும்பு ஓரமாக மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். தோளுக்குக் கொஞ்சம் பின்னால், சேணம் உட்காரும் இடத்துக்கு வந்ததும் — தோல் முழுக்க ஒரு நடுக்கம். முதுகு கீழே வளைந்து அந்த விரலிடமிருந்து தப்பிக்கப் பார்த்தது.

“வெடிக்கு அசையாத குதிரை சார். ரெண்டு விரலுக்கு நடுங்குது.”

முடியை விலக்கிக் காட்டினார். இரண்டு பக்கமும் கொஞ்சம் வெள்ளை முடி. அதை நான் முன்பே பார்த்திருந்தேன். கவலையில் நரைத்துவிட்டாள் என்று பத்தியிலேயே எழுதியிருந்தேன்.

“ஒரே இடத்துல அழுந்தி அழுந்தி ரத்த ஓட்டம் கெட்டுப்போச்சுன்னா முடி இப்படி வெள்ளையாத்தான் முளைக்கும். ஓட்ட ஆள் இல்லாம நின்னதுல முதுகுச் சதை இளைச்சிருக்கு. சேணத்துக்குள்ள இருக்கிற பஞ்சும் அமுங்கிப்போச்சு. உங்க பொண்ணு என்ன வெயிட் இருப்பாங்க?”

“ஐம்பது இருக்கும்.”

“நீங்க?”

சொன்னேன். கொஞ்சம் குறைத்தே சொன்னேன்.

“அம்புட்டும் எலும்பு மேல உட்காருது சார்” என்றார்.

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். “அப்போ... இது என் மகளைத் தேடலையா?”

அவர் சிரிக்கவில்லை. அதற்கு இன்றும் நன்றி. “தேடலாம் சார். அதை நான் எப்படிச் சொல்ல? ஆனா குதிரை வலியில கத்தாது. மூஞ்சியில சின்னச் சின்னதாத்தான் காட்டும். இங்க பாருங்க — மூக்குக்கு மேல சுருக்கம். கண்ணுக்கு மேல தோல் இழுத்துப் பிடிச்சிருக்கு. தாடை எப்படி இறுகிக் கிடக்குன்னு தொட்டுப் பாருங்க. முதல்ல வலியான்னு பார்க்கணும் சார். மத்ததெல்லாம் அப்புறம்.”

தாடையைத் தொட்டேன். கல் மாதிரி இருந்தது. இந்த முகத்தை நான் மூன்று மாதமாக போட்டோ எடுத்திருக்கிறேன். போன் முழுக்க இதே சுருக்கம், இதே தாடை. ஒவ்வொன்றின் கீழேயும் ‘உன்னைத் தேடுறா’ என்று எழுதி மகளுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கயலை வீடியோ காலில் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“எனக்குத் தெரியும்ப்பா” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நீங்க அனுப்புன வீடியோவுல பாத்தேன். அவ காது அப்படி இருந்தா என்னன்னு எனக்குத் தெரியாதா? எட்டு வருஷம் ஓட்டியிருக்கேன்ல.”

“பின்ன ஏன்ம்மா சொல்லல?”

“நீங்க சந்தோசமா இருந்தீக. அங்க என் இடத்துல ஒருத்தராவது இருக்காகளேன்னு இருந்துச்சு. அப்புறம்... என்னைத் தேடுதுன்னு நீங்க சொல்லச் சொல்ல, அது நிசமா இருக்கணும்னு எனக்கும் ஆசையா இருந்துச்சுப்பா. இங்க என்னைத் தேட யாரு இருக்கா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தப் பக்கம் நானும். இரண்டு பேரின் ஏக்கத்தையும் சேர்த்து அந்தக் குதிரை முதுகில் ஏற்றி வைத்திருந்திருக்கிறோம்.

அதன்பிறகு சேணம் இல்லை. ஒத்தடம், மருந்து, காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து நடை. முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை. நான் பக்கத்தில் போனாலே காதுகள் பின்னால் போகும். அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அவளுக்கு வலி என்றால் நான்தான் என்று ஆகிவிட்டது. முத்துலட்சுமி தொட்டால் நிற்பாள், நான் தொட்டால் விலகுவாள். வெறுங்கையோடு போய்ப் பக்கத்தில் சும்மா நின்றுவிட்டு வர ஆரம்பித்தேன். சித்திரையில் ஒருநாள் என் சட்டைக் காலரை மோந்து பார்த்தாள். வைகாசியில் முத்துலட்சுமி போன் பண்ணினார். “அண்ணாச்சி, இன்னைக்கு உருண்டுட்டா. நாலு காலையும் மேல தூக்கிக்கிட்டு, அங்கன இங்கன பொரண்டு... மண்ணெல்லாம் பறக்கு. வந்து பாருங்க.”

பிரஸ்ஸில் ஆர்டர் கொடுக்க வந்தவரை உட்காரவைத்துவிட்டு ஓடினேன்.

இப்போது பிரஷ் அந்த இடத்தில் பட்டால் கீழுதட்டைத் தொங்கப்போட்டுக் கண் சொக்குகிறாள். முதுகுச் சதை தேறி வருகிறது என்கிறார் டாக்டர். புதிதாக அளவெடுத்துச் சேணம் செய்தால், எடை குறைந்தவர் யாராவது கொஞ்ச நேரம் ஏறலாமாம்.

“நீங்க வேண்டாம் சார்.”

வேண்டாம்தான். ஆனால் பொய் சொல்ல மாட்டேன், அந்த உயரம் மனசில் நிற்கிறது. காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளோடு கரையில் நடக்கிறேன். அதே தண்ணீர். அதே ஷெட்டுகள். நாரைகள் இப்போது என் தலைக்கு மேலே பறக்கின்றன. கயல் பார்த்ததைப் பார்க்க எனக்கு ஒரே ஒரு வழி இருந்தது. இனி அது இல்லை.

நம் வீட்டிலும் இப்படித்தானே? ஒருவர் முகம் சுளித்தால், நமக்கு வசதியான காரணம் ஒன்றை நாமே எழுதி அவர் நெற்றியில் ஒட்டிவிடுகிறோம். லேபிள் ஒட்டுவது எனக்குத் தொழில். வீட்டிலும் தோட்டத்திலும் அதையே செய்திருக்க வேண்டியதில்லை.

கல்யாணத்திலிருந்து வந்த அன்று கயலிடம் பேசினேன். இந்த டிசம்பருக்கும் லீவு கிடைக்காது என்றாள். நான் இதையெல்லாம் எழுதப்போவதைச் சொன்னேன்.

“எழுதுங்கப்பா. செம்பா என்னைத் தேடலைன்னே எழுதிருங்க.”

“செம்பாவுக்குத் தேடுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா” என்றேன். “எனக்குத் தேடுது.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“இந்த ஒரு வார்த்தையச் சொல்லுறதுக்கா அந்தப் பாவப்பட்ட குருதை மேல ஏறினீக?”