பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை, காலை 5.20

விருதுநகர் ரயில் நிலையத்துக்கு எதிரே, பூட்டிக் கிடந்த பருப்புக் கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இருபது நிமிடமாக நிற்கிறேன். ஒரு குஞ்சு குளுவானைக் காணோம். ஐப்பசி கடைசி. இரவில் பெய்த தூறலில் சாலை ஈரம் காயவில்லை; வாடைக்காற்று காதுக்குள் புகுந்து புறப்பட்டது. எங்கள் ஞாயிறு சைக்கிள் குழுவில் என்னோடு சேர்த்து ஏழு பேர். வாரத்துக்கு ஒருவர் வழி சொல்ல வேண்டும். இந்த வாரம் என் முறை. ‘15 ஞாயிறு, காலை 5 மணி, ஸ்டேஷன் எதிரே. மல்லாங்கிணறு போய் வருகிறோம்’ என்று புதன்கிழமையே வாட்ஸப்பில் போட்டிருந்தேன். ஆறு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். கட்டைவிரலைத் தூக்குவதில் நம்மவர்களுக்கு இருக்கும் வேகம் காலைத் தூக்குவதில் இல்லை என்று கறுவிக்கொண்டே ஷாகுலுக்குப் போன் போட்டேன். ஷாகுல் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி, நாற்பது வயது, குழுவிலேயே நல்ல காலுள்ள ஆள்.

“என்ன அண்ணாச்சி இந்நேரத்துல? வீட்ல எல்லாரும் சொகமா இருக்காகளா?”

“எங்கப்பா இருக்க? எம்புட்டு நேரமா நிக்கிறேன் தெரியுமா?”

“நான் படுக்கையில இருக்கேன். இன்னைக்குச் சனிக்கெழமைல்ல?”

“இன்னைக்குத் தேதி பதினஞ்சுதானே?”

“பதினஞ்சுதான். சனிக்கெழமை பதினஞ்சு.” சொல்லும்போதே விஷயம் புரிந்துபோய், “அண்ணாச்சி, நீக அடுத்த வருசத்துல நிக்கீக” என்று சிரித்தான்.

அவன் சொன்னது உண்மை. திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புரூப் பார்க்கிறேன். எங்கள் பிழைப்பு தினசரி காலண்டர். ஆடி பிறந்தால் நான் அடுத்த வருடத்துக்குக் குடிபோய்விடுவேன். திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், கரிநாள் என்று முந்நூற்று அறுபத்தைந்து தாளையும் மாற்றி மாற்றிப் படித்து, கார்த்திகை வரும்போதுதான் ஊர் திரும்புவேன். இத்தனைக்கும் நான் சர்ச்சுக்குப் போகிறவன். ராகு காலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அது ஒரு நிமிடம் தப்பாக அச்சாகிவிட்டால் தூக்கம் கிடையாது. அடுத்த வருடம் நவம்பர் பதினைந்து ஞாயிறு. அதைத்தான் மெசேஜில் போட்டிருக்கிறேன். மற்றவர்கள் கிழமையைப் பார்த்திருக்கிறார்கள். நான் தேதியைப் பார்த்து வந்து நிற்கிறேன். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவுப் பணி. வீட்டில் இருந்திருந்தால் வாசலிலேயே தடுத்திருப்பாள்.

வெள்ளி சாயங்காலம் கடைசிப் புரூப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும், “ரெண்டு நாள் வீட்ல கெடங்க, பதினாறாம் தேதி காலையில ஒன்பது மணிக்குக் காலண்டரு மிஷின் ஏறிரும்” என்று முதலாளி சொல்லியிருந்தார். வீட்டில் கிடக்க எனக்கு வராது. வந்ததுக்கு ஒரு மிதி மிதிப்போம் என்று தனியாகவே கிளம்பினேன்.

காலை 6.00

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல். ஈரத்தில் மை போலக் கறுத்துக் கிடந்தது. மக்காச்சோளம் முழங்கால் உயரம். மல்லாங்கிணற்றுக்குப் பதினான்கு கிலோமீட்டர். எதிர்காற்றில் அது இருபத்தெட்டு. தனியாக மிதிக்கும்போது பேச்சுத்துணை கிடையாது. மனசு தானே பேசிக்கொள்ளும். அது பேசியது இதுதான்: ஒரு வரி மெசேஜிலேயே வருடத்தை மாற்றிப் போட்டவன், முந்நூற்று அறுபத்தைந்து தாளில் எதை மாற்றிப் போட்டானோ?

ஐந்தாவது கிலோமீட்டரில் ஆரம்பித்தது இந்த அரிப்பு. ஜனவரியிலிருந்து தாள் தாளாக மனசுக்குள் ஓட்டினேன். பொங்கல் சரி. தைப்பூசம் சரி. மாசி மகத்தில் இருக்கும்போது பின் சக்கரம் உஸ்ஸென்றது. கருவேல முள். ட்யூபைக் கழற்றி, ஓட்டை தேடி, ஒட்டி, காற்றடித்து முடிக்க நாற்பது நிமிடம். ஒரு நாய் மட்டும் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தது.

காலை 7.45

மல்லாங்கிணற்றில் பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய், பருப்பு வடை எட்டு. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் காலண்டருக்குத்தான் போகும். சுவரில் பதின்மூன்றாம் தேதி தொங்கியது.

“ரெண்டு நாளாக் கிழிக்கலையே?” என்றேன்.

கடைக்கார அம்மா வடைச்சட்டியிலிருந்து திரும்பவில்லை. “நீங்களே கிழிச்சிருங்க. நாளு நிக்கவா போகுது?”

இரண்டு தாளைக் கிழித்தேன். 15, சனி என்று கொட்டை எழுத்தில் நின்றது. போன வருடம் இதே தாளைப் புரூப்பாகப் பார்த்தவனும் நான்தான். எங்கள் அச்சகத்துக் காலண்டர். இந்தக் கடைச் சுவரில் வருடம் முழுக்கத் தொங்குகிறது. ஒரு பிழை இருந்தால் அதுவும் கூடவே தொங்கும். பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பும்போது காற்று முதுகில் தள்ளியது, பலன் இல்லை. வீட்டுக்கு வந்து, மனைவி போட்ட சோற்றைச் சாப்பிட்டு, பகல் முழுக்கக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். “ஒண்ணு ஒக்காருங்க, இல்ல வெளிய போங்க” என்றாள். அவள் இரவெல்லாம் கண் விழித்தவள். சொல்ல உரிமை உண்டு.

ஞாயிறு, காலை 5.00

இன்று ஆறு பேரும் எனக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றார்கள். ஷாகுல் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “அண்ணாச்சி ஒரு நாளு லேட்டு” என்றான். ஸ்டெல்லா டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர், ஹெல்மெட்டுக்குள் சிரித்தார்.

கூட்டத்தோடு போவது வேறு பயணம். அதே எதிர்காற்றுதான். ஆனால் இரண்டு கிலோமீட்டருக்கு ஒருவராக முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு மிதி லேசானது. நேற்று முள் குத்திய இடம் வந்தது தெரியாமலே கடந்துவிட்டோம். நாயும் வந்து கொஞ்ச தூரம் குரைத்தது. ஏழு பேரைப் பார்த்ததும் யோசித்துவிட்டு நின்றுவிட்டது.

காலை 6.50

அதே டீக்கடை. வருடா வருடம் இந்தப் பருவத்தில் நடக்கும் விளையாட்டு தொடங்கியது. எங்கள் பக்கத்தில் காலண்டர்காரன் கையில் அகப்பட்டால் யாரும் சும்மா விடமாட்டார்கள். அடுத்த தீபாவளி எப்போது என்பதில்தான் பாதி ஊரின் பட்டாசு சீசன் இருக்கிறது. அதனால் தேதி கேட்பார்கள், கிழமை கேட்பார்கள். நான் எதையும் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

“அடுத்த தீவாளி?”

“நவம்பர் எட்டு. ஞாயிறு.”

“ஞாயித்துக்கெழமையா? ஒரு லீவு போச்சே!” என்று டீச்சர் நொந்துகொண்டார்.

“எங்க நோன்புப் பெருநாளு?” என்றான் ஷாகுல்.

“மார்ச் இருபத்தொண்ணு, சனி. பெறை தெரிஞ்சா.”

“சாம்பல் புதன்?” என்றார் டீச்சர். அன்று தொடங்கும் எங்கள் தவக்காலம் நாற்பது நாளும் டீயை விட்டுவிடுவது அவர் வழக்கம். இப்போதே மூன்றாவது டீ ஓடிக்கொண்டிருந்தது.

“மார்ச் அஞ்சு.”

“என்ன கெழமை?” என்றான் ஷாகுல், விளையாட்டை விடாமல்.

“வியாழன்” என்றேன்.

டீச்சர் டம்ளரை இறக்கினார். “சாம்பல் புதன் எப்படி அண்ணாச்சி வியாழக்கெழமை வரும்?”

எல்லோரும் சிரித்தார்கள். என் கை போனைத் தேடியது. ஏனென்றால் நான் யோசித்துச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னேன். மார்ச் 5, வியாழன், கீழே பொடி எழுத்தில் ‘சாம்பல் புதன்’. வெள்ளிக்கிழமை அந்தத் தாளைப் பார்த்து, பேனாவால் ஒரு டிக் அடித்திருக்கிறேன். இந்த வருடம்தான் அது மார்ச் ஐந்து. அடுத்த வருடம் பிப்ரவரி பதினெட்டு. பழைய பைலில் இருந்த வரி மாறாமல் வந்திருக்கிறது. அரசு விடுமுறை நாட்களை வேறு ஒரு பட்டியலோடு ஒப்பிடுவோம். சாம்பல் புதனுக்கு விடுமுறை கிடையாது. அடுத்தவர் பண்டிகையை எல்லாம் எழுத்தெண்ணிப் பார்த்தேன். என் பண்டிகைதானே, எனக்குத் தெரியாததா என்று கண்ணை ஓட்டிவிட்டேன்.

மிஷின் ஓட்டும் கருப்பசாமிக்குப் போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. முதலாளி குடும்பத்தோடு ரயிலில். போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. இன்னும் இரண்டு மணி நேரத்தில் மிஷின் ஏறிவிடும். ஏறிவிட்டால், இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் பிழை ஆயிரக்கணக்கான சுவர்களில் ஏறும்.

விஷயத்தைச் சொன்னேன். “பஸ்ஸு எட்டு மணிக்குத்தான்” என்றார் கடைக்கார அம்மா.

ஷாகுல் ஹெல்மெட்டை மாட்டிவிட்டான். “இங்கன இருந்து திருத்தங்கலு முப்பத்தாறு கிலோமீட்டரு. வாடை முதுகுல இருக்கு. ஏறுங்க அண்ணாச்சி.”

காலை 7.05

நான் சைக்கிள் ஓட்டுவது உடம்புக்காக என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று ஓட்டியது உடம்பைப் பற்றிய எண்ணமே இல்லாத ஓட்டம். விருதுநகரை 7.55க்குத் தொட்டோம். ரயில்வே கேட் திறந்திருந்தது. அந்தக் கேட் எனக்காகத் திறந்திருந்தது அதுதான் முதல் தடவை. டீச்சர் முன்னால் போனார், பிறகு ஷாகுல், பிறகு மற்றவர்கள். என்னை மட்டும் முன்னால் விடவில்லை. ஆமத்தூர் சாலையில் பட்டாசு ஆலைகள் வரத் தொடங்கின. தீபாவளி முடிந்து பூட்டிய கதவுகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறைகள், சுவரில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. வேலியோரம் ஒட்டாத லேபிள் தாள்கள் மழையில் நனைந்து கிடந்தன. ஊரே கால் நீட்டி இளைப்பாறும் மாதம் இது. நான் ஒருவன் இப்படி ஓடுகிறேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

ஆமத்தூர் தாண்டி மறுபடி உஸ்ஸ். அதே பின் சக்கரம்.

நான் இறங்குவதற்குள் ஷாகுல் இறங்கித் தன் சைக்கிளை என் பக்கம் தள்ளினான். “இதுல போங்க. ஒங்க வண்டிய நான் பாத்துக்கிடுதேன்.”

“சீட்டு ஒசரமா இருக்கேப்பா.”

“ஒக்காரவா போறீக?”

மற்றவர்களும் அவனோடு இறங்கிவிட்டார்கள். மீதிப் பன்னிரண்டு கிலோமீட்டரை நான் தனியாக, நின்றுகொண்டே மிதித்தேன்.

காலை 9.10

திருத்தங்கல். தெருமுனையிலேயே மிஷின் சத்தம் கேட்டுவிட்டது. உள்ளே ஓடினேன். கருப்பசாமியின் போன், வழக்கம் போலக் கழற்றிய சட்டையின் பையில், கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மிஷின் பக்கம் போனைக் கொண்டுபோக மாட்டான். ஒரு பெரிய தாளில் பல நாட்கள் ஒன்றாக அச்சாகும். பிறகு வெட்டி அடுக்குவார்கள். மாத வரிசை எல்லாம் மிஷினுக்குக் கிடையாது; ஓடிக்கொண்டிருந்தது மார்ச். மேசையில் ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது.

“நிறுத்து!”

நிறுத்தினான். தாளைக் காட்டினேன். கருப்பசாமி குனிந்து பார்த்தான்.

“இதுக்கா சார் இப்படி வேர்க்க விறுவிறுக்க வந்தீக? பொடி எழுத்து. யாரு பாக்கப் போறா? ஒங்க ஆளுக நாலு பேரு பாப்பாக.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “பிளேட்டு மாத்தணும்னா மொதலாளிட்டச் சொல்லணும். ஒங்க பேருதான் கெடும். இம்புட்டு வருசத்துல ஒரு சொல்லு வாங்காத மனுசன். விட்ருவோம்.”

அவன் கெட்டவன் இல்லை. என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், விட்டுவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பிறகு கேட்டேன்:

“இதுல கார்த்திகை தீபம் தப்பா இருந்தா விட்ருவியா?”

“அதெப்படி சார்?”

“அப்ப கழட்டு.”

கழற்றினான். முதலாளிக்கு நானே மெசேஜ் போட்டேன்: ‘பிழை என்னுடையது. பிப்ரவரி, மார்ச் இரண்டு பிளேட்டும் மாற்ற வேண்டும். மிஷினை நிறுத்திவிட்டேன்.’ ரயிலிலிருந்து பதில் வரப் பத்து நிமிடம் ஆனது. ‘சரி. அரை நாள் போகும். பரவாயில்லை’ என்று வந்தது. இருபத்திரண்டு வருடப் பெயர் அரை நாளில் தேய்ந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் நேற்று ஐந்தாவது கிலோமீட்டரில் தொடங்கிய அரிப்பு நின்றுவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்தேன். இரண்டு நாளில் முதல் தடவையாக எழுந்திருக்கத் தோன்றவில்லை.

காலை 9.30

ஷாகுல் என் சைக்கிளில் வந்து சேர்ந்தான், மற்றவர்கள் பின்னால். வழியில் ஆறு பேர் சேர்ந்து பஞ்சர் ஒட்டியதில் எட்டே நிமிடமாம். பாழான தாள்களை எடுத்துச் சங்கிலி மசி துடைத்தார்கள். டீச்சர் மட்டும் ஒரு தாளைக் கசக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“எதுக்கு டீச்சர்?”

“டீயைப் பதினஞ்சு நாளு தள்ளி விட்டாப் போதும்னு காலண்டர்லயே போட்டுருக்கே அண்ணாச்சி.”

சிவகாசி போய் இட்லி சாப்பிட்டுவிட்டு, வாடையை முகத்தில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம். சனிக்கிழமை தனியாகப் போய் வந்தது இருபத்தெட்டு கிலோமீட்டர். அதைச் சொல்லிச் சொல்லிக் கால் வலித்தது. ஞாயிறு அதைப் போல மூன்று மடங்கு. படுத்ததும் தூங்கிவிட்டேன் என்று மனைவி சொன்னாள்.

இப்போது ஒவ்வொரு வெள்ளி இரவும் ஷாகுலிடமிருந்து போன் வருகிறது. நலம் விசாரிப்பதில்லை, வத்தல் விலை பேசுவதில்லை.

“அண்ணாச்சி, நாளைக்குச் சனி. நாங்க வர மாட்டோம். பேசாமத் தூங்குங்க.”