வேலிக்கு மேலால் கேட்ட வழி

எழுபதுகளின் கடைசியில், மெல்பேர்ணில் கோபர்க் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது, மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம் ஒன்றுக்கு என் கணவரும் நானும் பதிவு செய்தோம். பதிவு செய்து முடிந்த பிறகுதான் தனக்குக் கடல் ஒத்துவராது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. ஒருமுறை தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் போன சின்னப் பயணத்திலேயே கப்பலின் கம்பியைப் பிடித்தபடி நின்றவர் அவர்.

"நான் பிள்ளையளோட நிக்கிறன். நீர் அக்காவைக் கூட்டிக்கொண்டு போம்," என்றார்.

அக்கா என்பது அவருடைய தமக்கை, எனக்கு மச்சாள். பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டு, எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்டால், "இப்ப என்ன அவசரம்?" என்பார். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும், "ஓம், வாறன்," என்றார். "ஆனா ஒண்டு. ஆட்டைப் பட்டியில அடைக்கிற மாதிரி பஸ்ஸுக்க ஏத்திக்கொண்டு திரியிற டூருக்கு நான் வரமாட்டன். நாங்களாப் போவம்."

எனக்கும் அதுதான் விருப்பம். கப்பல் கம்பனி அனுப்பிய பளபளப்பான புத்தகத்தில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு டூர் போட்டிருந்தது. கூர்ந்து வாசித்தால், பார்க்கப் போன இடத்தில் நிற்கும் நேரத்தைவிடக் கடைகளில் நிற்கும் நேரம் கூட. ஆனால் நாங்களாகப் போவது எப்படி? கப்பல் எந்தப் பக்கம் கட்டும், அங்கிருந்து ரயில் எவ்வளவு தூரம், மத்தியானத்தில் என்ன பூட்டியிருக்கும் என்பதொன்றும் அந்தப் புத்தகத்தில் இல்லை. டிக்கெட் எடுத்துத் தந்த ஏஜெண்டிடம் கேட்டேன். "டூரை எடுங்கள், மேடம், கவலை இல்லை," என்று சிரித்தார். நூலகப் புத்தகங்களில் அரசர்களும் தூண்களும் நிறைய இருந்தன. பஸ் எங்கே நிற்கும் என்பது இல்லை.

ஒரு சனிக்கிழமை மீன் பொரியல் கடையில் வரிசையில் நின்றபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. நாங்கள் போகப் போகும் ஊர்கள் எல்லாம் எங்கள் தெருவிலேயே இருந்தன. கடைக்காரர் கிரேக்கர். பக்கத்து வீட்டுப் பெண்மணி இத்தாலியிலிருந்து, அதுவும் நேப்பிள்ஸிலிருந்து வந்தவர். அவர் நாப்போலி என்றுதான் சொல்வார். இவர்களைக் கேட்காமல் நான் ஏன் நூலகத்தில் இருந்தேன்?

கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். மீன் சுற்றும் தாள் ஒன்றை இழுத்து, எண்ணெய்க் கையோடு படம் கீறினார். பிரேயஸ் துறைமுகம், ரயில் நிலையம், ஏதென்ஸ், பழைய கோயில் இருக்கும் குன்று. "விடியவே ஏறு. பஸ்காரர் வர முதல் இறங்கிவிடு," என்றார். ரயில் நிலைய மூலையில் ஒரு கோப்பிக் கடையையும் கீறினார். அந்தக் கடையிலிருந்து இடது பக்கம் திரும்பினால் துறைமுகம் என்றார்.

நாங்கள் ஏதென்ஸுக்கு விமானத்தில் போய், பிரேயஸில் கப்பல் ஏறுவதாக ஏற்பாடு. குன்றுக்கு விடிய ஏறினோம். அவர் சொன்னது சரி. கல்லில் வெயில் மெல்ல இறங்கி வருவதை நின்று பார்க்க எங்களுக்கு இடமும் அமைதியும் கிடைத்தன. ஆனால் பிரேயஸில் கோப்பிக் கடையைக் காணவில்லை. சூட்கேஸ்களோடு இரண்டு பேரும் மூலைக்கு மூலை அலைந்தோம். கடைசியில் பத்திரிகை விற்ற கிழவர் ஒருவர் எங்கள் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கடையை இடித்து மாடிக் கட்டிடம் கட்டிப் பல காலமாகிவிட்டது என்று கையால் காட்டினார்.

"அவர் பிழையாச் சொல்லேல்ல," என்றார் மச்சாள், கப்பலில் ஏறிக் கால் நீட்டியபோது. "அவர் வெளிக்கிட்ட வருசத்து ஊரைக் கீறித் தந்திருக்கிறார்."

அன்றைக்கு நான் விளங்கிக்கொண்டதைத்தான் இன்றைக்கும் பயணம் போகிறவர்களுக்கு முதலில் சொல்கிறேன். வழி கேட்டால், அது எந்த வருஷத்து வழி என்றும் கேளுங்கள்.

நாப்போலியில் அந்தப் பிழை நடக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணியை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் இரண்டு வளவுகளுக்கும் நடுவில் இடுப்பளவு மரவேலி. அவர் உடுப்புக் காயப்போடும் நேரமும் நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூட வேலை முடிந்து வந்து உடுப்பு எடுக்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்று. அவருடைய ஆங்கிலம் கொஞ்சம். எனக்கோ புதுச் சொற்களில் ஆசை. கொடியில் தொங்கிய ஒவ்வொன்றையும் காட்டிப் பெயர் கேட்பேன். வேலிக்கு ஃபென்சா, மேசை விரிப்புக்கு மெசாலே. மழை வருகிறது, உடுப்பை எடு என்பதை அவர் கத்தும் விதத்திலேயே நானும் கத்தப் பழகியிருந்தேன். நான் இத்தாலியன் பேசுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை.

பயணத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் நனைந்த துணியைக் கூடைக்குள் போட்டுவிட்டு வேலியடிக்கு வந்தார்.

"நாப்போலிக்கா? என் தங்கச்சி அங்கே இருக்கிறாள். போய்ப் பார்ப்பாயா?"

"ஏன், நீங்கள் ஒருமுறை போகலாமே?"

அவர் தலையை ஆட்டினார். வந்து இருபத்தைந்து வருஷமாகிறது. முதலில் வசதி இல்லை. பிறகு பிள்ளைகள். தாய் இறந்தபோதும் போக முடியவில்லை. "இப்ப போனால் என்னை யாருக்குத் தெரியும்? நான் அங்கே ஒரு வெளியாள்," என்றார். பிறகு வீட்டுக்குள் போய், தங்கைக்காகத் தான் பின்னிய நீலக் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து தந்தார். வழியும் சொன்னார். துறைமுகத்திலிருந்து மேட்டுப்பக்கம் ஏறு, பெரிய தியேட்டரைத் தாண்டு, ஒடுங்கிய தெருக்கள் வரும், மூலையில் தண்ணீர்க் குழாய் இருக்கும் என்றார்.

கப்பலில் இருந்தபோது நானும் மச்சாளும் அந்த வழியைப் பிரித்துப் பார்த்தோம். தண்ணீர்க் குழாய் ஐம்பதுகளின் குழாய். அதை நம்புவதில்லை. தங்கச்சி அனுப்பிய கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்த தெருப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் மட்டும் நம்புவது. இன்னொன்றும் முடிவுசெய்தோம். மச்சாளுக்கு எரிமலையில் புதைந்த பொம்பெய் நகரத்தைப் பார்க்க வேண்டும். அது ஊருக்கு வெளியே. எனக்குத் தங்கச்சியைப் பார்க்க வேண்டும். அது துறைமுகத்துக்குக் கிட்ட. "தூரத்தை முதலில முடிப்பம். கிட்ட உள்ளதைக் கடைசிக்கு வைப்பம். ரயில் பிந்தினாலும் நடந்து வந்து கப்பலைப் பிடிக்கக்கூடிய இடத்தில நிக்கோணும்," என்றார் மச்சாள். அவர் இரண்டு கைகளிலும் மணிக்கூடு கட்டியிருந்தார். ஒன்று கப்பல் நேரம், மற்றது ஊர் நேரம். எல்லாருக்கும் சிரிப்பு. ஆனால் கப்பலும் ஊரும் எப்போதும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை என்று கப்பல் ஊழியர் ஒருவரே எங்களுக்குச் சொன்னார். புறப்படும்போது கப்பலின் பெயரையும் அது கட்டியிருந்த துறையின் பெயரையும் இத்தாலியனில் அவரிடமே எழுதி வாங்கி, ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டோம்.

நாப்போலித் துறைமுகத்தில் டூர் பஸ்கள் நிரம்பிக்கொண்டிருந்தபோதே நாங்கள் ரயிலில் ஏறிவிட்டோம். மலையடிவாரத்தைச் சுற்றிப் போகும் ரயில், தக்காளித் தோட்டங்கள், குசினிகளின் பின்பக்கம், கூடைகளோடு ஏறி இறங்கும் பெண்கள். பொம்பெய் தெருக்களில் கல்லில் வண்டித்தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. மச்சாள் குனிந்து குனிந்து பார்த்தார்.

"இவையள் இடப்பக்கமாப் போனவையோ, வலப்பக்கமாப் போனவையோ?"

"அதை அறிஞ்சு என்ன செய்யப் போறியள்?"

"ஒண்டும் செய்யிறேல்ல. ஆனா அறிய வேணுமே!"

வண்டித்தடங்களைப் பின்தொடர்ந்து தெருமுனைகளில் நின்று வாதாடினோம். முடிவு கிடைக்கவில்லை. அந்தக் காலத்துப் பேக்கரி ஒன்றின் நிழலில், ஆளுயர மாவரைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் கொண்டுவந்திருந்த பாணைத் தின்றோம். எங்கள் கப்பலின் டூர்க்காரர் கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் வேகமாகக் கடந்து போனார்கள். அவர்களில் ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கை அசைத்தாள். கொஞ்சம் பொறாமையோடு அசைத்தாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் நாப்போலிக்குத் திரும்பித் தெருவைத் தேடினோம். தண்ணீர்க் குழாய் இல்லை, தெருப் பெயர் இருந்தது. இரண்டு பக்கமும் உயர்ந்த வீடுகள், நடுவில் கொடிகளில் உடுப்பு. வீட்டு வாசலில் மணி இல்லை. மச்சாள் வெயிலுக்காக வெள்ளைச் சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தார். நான் அண்ணாந்து தங்கச்சியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நாலாம் மாடி பல்கனியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் கயிற்றில் கட்டிய கூடை ஒன்று மெல்ல மெல்லக் கீழே வந்தது. அதற்குள் இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு பாணும்.

"இதென்ன, மச்சாள்?"

மச்சாள் தன் சேலையைப் பார்த்தார். "எங்களைக் கன்னியாஸ்திரியள் எண்டு நினைச்சிட்டா. அனாதைப் பிள்ளையளுக்குச் சேர்க்க வந்தனாங்கள் எண்டு."

கூடைக்குள் நீலச் சட்டையை வைத்து, தமக்கையின் பெயரையும் மெல்பேர்ண் என்பதையும் கத்தினேன். கூடை மேலே போனது. பிறகு படிகளில் செருப்பு அடிக்கும் ஓசை தடதடவென்று இறங்கி வந்தது.

சட்டையை மார்போடு அணைத்தபடி வந்த அந்தப் பெண்ணுக்குத் தமக்கையின் அதே மூக்கு. எங்களை மேலே கூட்டிப்போய்க் கதிரைகளில் இருத்தினார். நான் என் இத்தாலியனை எடுத்துவிட்டேன். உங்கள் தமக்கைக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஃபென்சா இருக்கிறது என்றேன். அவருக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். கையால் வேலி கட்டிக் காட்டினேன். அப்போதுதான் அது 'ஃபென்ஸ்' என்ற ஆங்கிலச் சொல், மெல்பேர்ணில் பிறந்த இத்தாலியன் என்பது எனக்கே தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது. பேச்சை மாற்றுவதற்காக மேசையில் விரித்திருந்த பூவேலைத் துணியைத் தொட்டு, "நல்ல மெசாலே," என்றேன்.

அவர் கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டார்.

"என்ன சொன்னாய்?"

பிழை விட்டுவிட்டேனோ என்று பயந்து மெதுவாகத் திரும்பச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு முகத்தை ஏப்ரனால் மூடிக்கொண்டார். கொஞ்ச ஆங்கிலமும் கொஞ்சச் சைகையுமாக அவர் சொன்னதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான்: அது தாயின் சொல். இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. கடைகளில் வேறு சொல், தன் பிள்ளைகளுக்கு வேறு சொல். தாய் இறந்த பிறகு அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை.

"இன்னும் சொல்லு," என்றார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். சவர்க்காரம், கிளிப், தலையணை உறை. கடைசியாக எழுந்து நின்று, மழை வருகிறது, உடுப்பை எடு என்று பக்கத்து வீட்டுக்காரரின் குரலிலேயே கத்தினேன். மேல்மாடியிலிருந்து ஒரு கிழவி கதவைத் திறந்துகொண்டு, யார் அது என்று கேட்டபடி இறங்கி வந்தார். அந்தத் தாயின் சிநேகிதியாம். சேலை கட்டிய என்னைப் பார்த்துவிட்டுத் தன் மீது சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அவரும் உட்கார்ந்து இன்னொருமுறை கத்தச் சொன்னார்.

மச்சாளுக்கு மச்சம் கூடாது, மரக்கறிதான் என்று சொன்னதும் பொரித்த கத்தரிக்காய் வந்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை எழும்ப விடவில்லை. மச்சாள் கப்பல் நேரம் காட்டிய கையை மேசையில் தட்டினார்.

"வெளிக்கிடுவம். டூர் பஸ் பிந்தினா கப்பல் நிக்கும். எங்களுக்கு நிக்காது."

தங்கச்சி எங்களோடு துறைமுகம் வரை நடந்து வந்தார். இறக்கமான வழி, தெரு முடிவில் கப்பலின் புகைக்குழாய் தெரிந்தது. துறைமுக வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளிடம் சொல்லு. எனக்கு இப்படிப் பேச ஆள் இல்லை. வரச் சொல்லு," என்றார். நாங்கள் மேல்தளத்தில் ஏறி நின்றபோதும் அவர் அங்கேயே நின்றார். டூர் பஸ்கள் நெரிசலில் மாட்டிப் பிந்தித்தான் வந்தன. கப்பல் அவர்களுக்காகக் காத்திருந்தது. அதனால் எங்களுக்கு அவரைப் பார்த்துக் கை அசைக்க இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்தது.

மோல்டாத் தீவிலும் வேறு துறைகளிலும் நாங்களாகத்தான் இறங்கித் திரிந்தோம். ஓரிடத்தில் பிழையான பஸ் ஏறி மலையுச்சியில் போய் நின்றதும் உண்டு. ஆனால் மெல்பேர்ண் திரும்பியதும் நான் முதலில் சொன்னது அந்தப் பகலைப் பற்றித்தான்.

பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலியைப் பிடித்தபடி கேட்டார். மெசாலே பற்றிச் சொன்னபோது, "பூவேலையா? ஓரத்தில் பச்சையா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். "அது அம்மா தைத்தது," என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வருஷம் அவர் புறப்பட்டார். கப்பலில் அல்ல, விமானத்தில். ஏஜெண்டிடம் நான்தான் கூட்டிப்போனேன். ரயில் நிலையத்தில் எந்தப் பக்கம் வெளியே வருவது, தண்ணீர்க் குழாய் இல்லாத தெருவை எப்படி அடையாளம் காண்பது என்றெல்லாம், அவர் பிறந்த ஊருக்கு நான் வழி சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர் மெலிந்திருப்பார் என்று நினைத்தேன். கொழுத்திருந்தார்.

"எப்படி நாப்போலி?"

"நாலாம் மாடி," என்றார் முழங்காலைத் தடவிக்கொண்டு. "அங்கே எல்லாரும் என்னை ஆஸ்திரேலியாக்காரி என்று கூப்பிடுகிறார்கள். நான் பேசினால் சின்னப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்." சொல்லிவிட்டுத் தானும் சிரித்தார். "அடுத்த வருஷம் தங்கச்சியை இங்கே கூப்பிடப் போகிறேன். மெல்பேர்ணில் என்ன பார்க்கலாம் என்று கேட்கிறாள். நீ சொல்லு, எங்கே கூட்டிப்போகலாம்?"

இத்தனை வருஷம் இங்கே இருந்தும் மெல்பேர்ணை நான் சுற்றிப் பார்த்ததே இல்லை. அன்று பின்னேரமே மச்சாளின் வீட்டுக்குப் போனேன். அவர் மெல்பேர்ண் டிராம் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார்.