மாட்டுக்கு ஒரு தீவு தேடி: மலாக்காவிலிருந்து பங்கோர் வரை

பங்கோர் தீவில் சின்னதாக ஒரு தங்கும் விடுதி போடலாமா, நீங்கள் அங்கே தொழில் செய்தவராமே என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் எழுதிக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத எனக்குத் தெம்பு இல்லை. அதனால் நாங்கள் தீவு தேடிப் போன கதையை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். எனக்கு எண்பத்தேழு வயது. நினைவில் நின்ற நேரத்தையும் கட்டணத்தையும் சொல்கிறேன், மறந்ததை மறந்துவிட்டது என்றே சொல்கிறேன்.

சுதந்திரம் கிடைத்த மறு வருடம், 1958. எனக்கு இருபது வயது, கல்யாணமாகி இரண்டு வருடம். மலாக்கா காஜா பேராங்கில், கம்போங் செட்டிக்குப் பின்னால், ஒரு செட்டி வீட்டுக் கொல்லையை வாடகைக்கு எடுத்து ஏழு மாடு வைத்திருந்தோம். மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலையைப் பலகையால் அடைத்து அதில்தான் குடித்தனம். தெங்கேரா வரைக்கும் சைக்கிளில் பால் போகும். என் வீட்டுக்காரர் காளிமுத்து. (அப்போது அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது எழுதலாம், கோபிக்க ஆள் இல்லை.) தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. நான் காஜா பேராங்கிலேயே பிறந்தவள். அப்பா மாட்டுவண்டி ஓட்டியவர். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் அக்கம்பக்கத்துச் செட்டிப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் மலாய் எனக்குத் தாய்மொழி மாதிரி. அவருக்கோ பால், புல், விலை என்று வியாபாரத்துக்கு வேண்டிய மலாய் மட்டும்தான் வரும்.

அந்த வருடம், டவுனுக்குள் மாடு வைத்திருக்கக்கூடாது, மூன்று மாதத்தில் அகற்ற வேண்டும் என்று நகராட்சியிலிருந்து காகிதம் வந்தது. வெளியே செங் பக்கம் இடம் கேட்டுப் பார்த்தோம். அங்கே ஏற்கெனவே மாட்டுக்காரர்கள் இருந்தார்கள், புதிதாக ஒருவரைச் சேர்க்க அவர்களுக்கு மனமில்லை. அப்போதுதான் அவருக்குத் தீவு யோசனை வந்தது. தீவில் இருக்கிறவனுக்கும் கோப்பிக்குப் பால் வேண்டும், அங்கே நம்மோடு போட்டிக்கு யார் வரப்போகிறார்கள் என்றார்.

கூடவே இன்னொன்றும் சொன்னார். "தீவு எதுவும் அமையலன்னா மாட்ட வித்துட்டு ஊருக்குப் போயிருவோம், ராசம்மா. அங்க காடு கரை இருக்கு."

அவருடைய ஊரை நான் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே எனக்கு ஒரு முகமும் தெரியாது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் பார்த்தது பக்கத்திலிருந்த பூலாவ் பெசார். டவுனிலிருந்து உம்பாய்க்கு ஏழு மைல், பஸ் இருபது காசு. அங்கிருந்து சம்பான் படகு, ஆளுக்கு ஐம்பது காசு. காற்று நன்றாக இருந்ததால் ஒரு மணி நேரத்தில் போய்விட்டோம். முஸ்லிம் மகான்களான அவுலியாக்கள் அடங்கிய இடம் என்று நேர்த்திக்கடன் செலுத்த வருகிறவர்கள்தான் அதிகம், குடியிருக்கும் வீடுகள் குறைவு. அவர் தீவைப் பாதிகூடச் சுற்றவில்லை. "சனமே இல்லாத இடத்துல யாருக்குப் பால் ஊத்துறது?" என்று திரும்பிவிட்டார். பினாங்கு வேண்டாம், அங்கே சந்துக்குச் சந்து பால்காரன் என்றார். மிச்சமிருந்தது பங்கோர் ஒன்றுதான்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை கிளம்பினோம். மூன்று நாள் மாடுகளைப் பார்த்துக்கொள்ள கொல்லையை வாடகைக்குக் கொடுத்த செட்டி அம்மா ஒத்துக்கொண்டார். காலை ஆறு மணி பஸ்ஸில் கோலாலம்பூர், தொண்ணூற்றிரண்டு மைல், நாலரை மணி நேரம். அங்கிருந்து மதியம் ரயிலில் ஈப்போ, மூன்றாம் வகுப்பு, நாலு வெள்ளி (டாலரை அப்படித்தான் சொல்வோம்) சொச்சம். இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கோயில் மண்டபத்தில் படுத்துக்கொண்டோம், யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள், பங்கோருக்குப் படகு ஏறும் துறையான லூமுட்டுக்கு பஸ். ஐம்பது மைல் சொச்சத்துக்கு மூன்று மணி நேரம் ஆனது, காரணம் வழியில் நடந்த சோதனை. பேராக்கில் சில இடங்களில் அவசரகாலக் கெடுபிடி இன்னும் முடியவில்லை, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று சமைத்த சோறு கொண்டுபோக விடமாட்டார்கள். மலாக்காவில் அந்தத் தடையை எடுத்து ரொம்ப நாளாகிவிட்டதால் எனக்கு நினைவேயில்லை. நான் கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோற்றை ஒரு போலீஸ்காரர் பிரித்துப் பார்த்தார்.

"யாருக்கு இது?" என்று மலாயில் கேட்டார்.

"எங்க ரெண்டு பேருக்குத்தான், என்சிக். மலாக்காவிலேர்ந்து வர்றோம்," என்று ஐயா போட்டுச் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கு இவ்வளவா?" என்று சொல்லி, பொட்டலத்தை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தார். அந்தப் போலீஸ்காரர் கத்தவோ அடிக்கவோ இல்லை. ஆனால் அதற்குப் பிறகு லூமுட் வரைக்கும் என் வீட்டுக்காரர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் வந்தார். பஸ் கடற்கரைக்கு வந்து நின்றபோது, "இதுவும் சரிப்படலன்னா கப்பல் டிக்கெட்டுத்தான்" என்று மட்டும் சொன்னார்.

லூமுட்டிலிருந்து பங்கோருக்கு மோட்டார் படகு, ஆளுக்கு நாற்பது காசு, முக்கால் மணி நேரம். கிழக்குக் கரையில் இறங்கினால் முதலில் அடிப்பது நெத்திலி வாசனை. கரை முழுக்கப் பாயில் காயப்போட்டிருப்பார்கள். சீனர் கடைகள், மலாய்க்காரர் வீடுகள், கொஞ்சம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. மளிகைக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் ஒருவர் இருந்தார், எல்லோரும் நானா என்பார்கள். அவர் அந்தத் தீவுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

"இங்க எல்லாம் டின் பால்தான் தம்பி. பசும்பால் கிடைச்சா எனக்கே ரெண்டு போத்தல் வேணும்," என்றார். என் வீட்டுக்காரரின் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத தெளிவு வந்தது.

நானாதான் இடத்தையும் காட்டினார். கரையிலிருந்து அரை மைல், மலையடிவாரம். கால் நட்டுக் கட்டிய பழைய பலகை வீடு, பின்னால் ஒரு கொட்டகை, சுற்றிலும் புல். பக்கத்திலேயே ஓடை. உடைமைக்காரர் லூமுட்டில் இருந்தார், வாடகை மாதம் பத்து வெள்ளி. வீட்டுக்குள் ஏறினேன். இரண்டு அறை, தனிச் சமையல்கட்டு, கடலைப் பார்த்து ஒரு சன்னல். கல்யாணமானதிலிருந்து மாட்டுமூத்திர நெடியிலேயே படுத்து எழுந்தவள் நான். அந்தச் சன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நானா கடைக்குத் திரும்பிப் போனார். நாங்கள் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு மலாய் அம்மா ஒருவர் தண்ணீர்க் குடத்தோடு வந்தார். மாடு வைக்கப் போகிறோம் என்றதும் குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் மளமளவென்று பேசினார். அவர் சொன்னது இது: இங்கே முன்னால் ஒரு சீக்கியர் மாடு வைத்திருந்தார். மழைக்காலத்தில் கழுத்து வீங்கி மூன்று மாடும் இரண்டே நாளில் செத்தன. அதற்குப் பிறகு இந்தக் கொட்டகையில் யாரும் மாடு கட்டியதில்லை. கட்டுவதாயிருந்தால் கால்நடை ஆபீசில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

என் வீட்டுக்காரர் கொட்டகைத் தூணை ஆட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "என்ன சொல்லுது?"

இதைத்தான் நான் அறுபது வருடத்துக்கு மேலாக வெளியாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். யோசிக்கவெல்லாம் இல்லை. வாய் தானாகப் பேசியது.

"முன்னாடி ஒரு சீக்கியர் இங்க மாடு வச்சிருந்தாராம். ஓடையில தண்ணி வத்தாதாம்."

அவர் என்னைப் பார்த்தார். அந்த அம்மாவையும் பார்த்தார். பிறகு, "சரி, இதையே எடுத்துருவோம்," என்றார்.

ஆகஸ்டில் குடிபெயர்ந்தோம். இரண்டு லாரி, ஏழு மாடு, லூமுட் வரை இருநூற்றைம்பது மைல், வழியில் ஒரு ராத்தங்கல். லாரி வாடகை மறந்துவிட்டது, என் காதுத் தோட்டை விற்றதில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது. லூமுட்டில் மாடுகளைத் தோங்காங் படகில் ஏற்ற அரை நாள் ஆனது. ஒவ்வொன்றின் வயிற்றிலும் சாக்கைச் சுற்றிக் கட்டித் தூக்கினார்கள். ஒன்றுக்கும் அடிபடவில்லை.

இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. நான் அந்தச் சன்னலில் நின்று தலை வாரினேன். கோப்பிக்கடைகளுக்குக் காலையில் பால் போனது. அந்த மலாய் அம்மாவைக் கண்டால் நான் வேறு வழியாகப் போவேன்.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சினைமாடு எழுந்திருக்கவில்லை. நாக்கு வெளியே தள்ளியிருந்தது, தொண்டை பூசணிக்காய் அளவுக்கு வீக்கம், மூச்சு மரம் அறுப்பது போல வந்தது. மதியத்துக்குள் போய்விட்டது. புதன்கிழமை இரண்டு, வியாழக்கிழமை ஒன்று. கடல் கொந்தளிப்பில் படகு ஓடவில்லை. கால்நடை ஆபீசிலிருந்து உதவியாளர் ஒருவர், மலாய்க்காரர், வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்தார். அதற்குள் ஐந்தாவதும் விழுந்திருந்தது. தொண்டை அடைப்பான் நோய் என்றார். நின்றுகொண்டிருந்த இரண்டுக்கும் ஊசி போட்டார்.

என் வீட்டுக்காரர் குழி வெட்டிக்கொண்டிருந்தார். முழங்காலளவு சேறு. பக்கத்து வீட்டு அம்மாவும் சுண்ணாம்பு மூட்டையோடு உதவிக்கு வந்திருந்தார். உதவியாளர் தன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் மலாயில் கேட்டார். "மழைக்கு முன்னாலேயே ஊசி போட்டிருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும். இந்த இடத்தில் முன்பு இப்படி வந்திருக்கிறதா? உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். சுண்ணாம்பை இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

"என்ன கேக்குறாரு?" என்றார் குழிக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர்.

இந்தத் தடவை முழுதாகச் சொன்னேன். உதவியாளர் கேட்டதைச் சொன்னேன். ஜூன் மாதம் அந்த அம்மா சொன்னதையும், நான் மறைத்ததையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"லெம்பு மாத்தின்னா மாடு செத்துச்சுன்னு கூடவா எனக்குத் தெரியாது? ஆறு வருசமா மாட்டு யாவாரம் பண்றேன். அந்தம்மா மூணு வாட்டி சொல்லிச்சு."

"அப்ப ஏங்க கேக்கல?"

"நீ சொல்லல. நீ சொல்லியிருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்லியிருக்கணும். அப்புறம் ஊருக்குத்தான் போகணும்." மழைத் தண்ணீரைக் கையால் முகத்திலிருந்து வழித்தார். "அங்க காடும் இல்ல, கரையும் இல்ல ராசம்மா. எல்லாத்தையும் அண்ணன் வித்துட்டான்னு போன வருசமே கடுதாசி வந்துச்சு. என்னத்த வச்சுக்கிட்டு அங்க போய் நிப்பேன்?"

உதவியாளர் இன்னும் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். "இல்லை, யாரும் சொல்லவில்லை," என்று மலாயில் சொன்னேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

மிஞ்சிய இரண்டு மாட்டையும் லூமுட்டில் ஒருவர் வாங்கிக்கொண்டார். டிசம்பரில் மலாக்கா திரும்பினோம். தெங்கேராவில் ஒரு அறை. அவர் கிடங்கில் காவல் வேலைக்குப் போனார், நான் வீடுகளில் துணி துவைத்தேன். பிள்ளைகள் பிறந்தன, படித்தன. அவர் எழுபத்தொரு வயது வரை இருந்தார். நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம், சிரித்தும் இருக்கிறோம். ஆனால் பங்கோர் என்ற சொல்லை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. டீவியில் அந்தத் தீவு வந்தால் இருவரில் ஒருவர் எழுந்து போய்விடுவோம்.

இப்போது கேட்டவர்களுக்கு. தீவு நல்ல தீவுதான், அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. படகுக் கட்டணமும் நேரமும் எவ்வளவோ மாறியிருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், அடைமழையில் போய் ஒரு வாரம் தங்குங்கள். உடல்நலமோ கால்நடையோ, அவசரத்துக்குக் கரையிலிருந்து ஆள் வந்து சேர எத்தனை நாளாகும் என்று படகுக்காரர்களிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் வேண்டாம். அதே இடத்தில் உங்களுக்கு முன்னால் யார் தொழில் செய்தார், ஏன் விட்டுப் போனார் என்பதைப் பக்கத்து வீட்டில் நீங்களே உட்கார்ந்து கேளுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் சேர்ந்தும் போகாதீர்கள். அந்த இடத்தின் மேல் ஆசை இல்லாத ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள். எங்களோடு அப்படி ஒருவர் வரவில்லை.