விருந்தாளிக்குப் புது இலை

மூடியைத்தான் முதலில் முகர்வாள் சோக் லியன். இலைமேல் கொதிநீர் ஊற்றி, மூன்று மூச்சு பொறுத்து, கிண்ணத்தின் மூடியை எடுத்து மூக்கடியில் பிடிப்பாள். கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். பிறகு அதே மூடி மேசையைத் தாண்டி நீளும், கணவன் புங் ஹாயின் மூக்குக்கு.

"என்ன வாசம், சொல்லு."

"டீ வாசம்," என்பான் அவன்.

சீனாவின் சாவ்சோ ஊரில் தேநீர்த் தட்டு இல்லாத வீடு கிடையாது. ஆனால் சோக் லியன் வீட்டில் அரிசிக்கு ஒதுக்கிய அலமாரியையும் தேயிலை டப்பாக்கள் பிடித்துக்கொண்டுவிட்டன. எல்லாம் பக்கத்துப் பீனிக்ஸ் மலை இலை. ஒன்றில் இஞ்சிப் பூ மணக்கும், ஒன்றில் பாதாம். இன்னொன்றின் பெயர் வாத்துப்பீ. வாசனையோ பூக்கூடையைத் திறந்தது போல இருக்கும். பகலெல்லாம் கல்யாண உடுப்புகளுக்கு மணி தைக்கிறாள். ஊசி பிடித்த விரல்கள் கொதிக்கும் கிண்ணத்தைப் பிடித்தாலும் சுடுவதே இல்லை.

தட்டில் எப்போதும் மூன்று குவளைகள்தான், எத்தனை பேர் இருந்தாலும். இவர்கள் இரண்டு பேர். மூன்றாவது குவளையை "நீ குடி", "நீ குடி" என்று மாறி மாறித் தள்ளுவார்கள். கடைசியில் அது ஆறிப்போகும். அந்தத் தள்ளுமுள்ளு சோக் லியனுக்குப் பிடிக்கும்.

கொஞ்ச நாளாக அது நடப்பதில்லை. சரக்கு வண்டியை நிறுத்தியதும் புங் ஹாய் மாடி ஏறுவதில்லை. கீழ்வீட்டில் பைக் பழுது பார்க்கும் தெக் கூனோடு உட்கார்ந்துவிடுகிறான். அவன் வீடு திரும்பியதும் சோக் லியன் சட்டையை வாங்கி முகர்வாள்.

"பழைய இலை. ஈரம் பட்ட டப்பா. எண்ணெய்க் கையால அள்ளிப் போட்டிருக்கான். இதையா குடிச்சிட்டு வர்ற?"

புங் ஹாய் கால் கழுவப் போவான்.

சந்தில் லிச்சிப் பழம் விற்கும் பெண்ணிடம் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறாள். அவள் பழத்தை நிறுத்துக்கொண்டே, "ஒரு பொம்பள பின்னாடி போயிருந்தாக்கூடப் பரவாயில்லக்கா. பிடிச்சுத் திட்ட ஒரு ஆளாவது இருக்கும்," என்றாள். சோக் லியன் சிரித்தாள். வீட்டுக்கு வந்து ஒரு கவுனுக்கு மணிப் பூக்களைத் தலைகீழாகத் தைத்தாள்.

இந்த வாரம் வசந்த காலத்து முதல் பறிப்பு வந்தது. முதல் கிண்ணத்தை இருவரும் சேர்ந்துதான் குடிக்க வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவைத்தாள். அவனும் தலையாட்டினான். சாயங்காலம் தண்ணீர் கொதித்தது, அடங்கியது, மறுபடி கொதித்தது. ஆள் வரவில்லை. ஒரு சுற்று ஊற்றி மூன்று குவளையையும் தானே குடித்தாள். இலை நன்றாகத்தான் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு தட்டில் ஊறவைத்த ஆலிவ் காயை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கொடுக்கத்தான் போகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

தெக் கூனின் கிண்ணத்தில் இலை வெளுத்துக் கிடந்தது. ஊற்றியது வெந்நீரா தேநீரா என்று சொல்ல முடியாத நிறம். புங் ஹாய் அதைக் குடித்துவிட்டு ஏதோ சொல்லித் தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டில் அப்படிச் சிரித்து அவள் பார்த்து நாளாகிவிட்டது.

அவளைக் கண்டதும் தெக் கூன் பதறி எழுந்தான். "வாங்க அண்ணி, உக்காருங்க. இதோ இலை மாத்திடறேன்." ஊர் வழக்கம் அது. பாதியில் விருந்தாளி வந்தால் இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை போட வேண்டும். போடாவிட்டால் அவமானம். வீட்டு ஆளுக்கு மட்டும்தான் பழைய இலை.

"அவளுக்கு மாத்து. எனக்கு இதே ஊத்து," என்றான் புங் ஹாய்.

சோக் லியன் அதைக் கேட்டுக்கொண்டாள். தனக்குப் புது இலை. அவனுக்கு, தினமும், இருக்கிற இலை. ஒரு குவளையைக் குடித்து, "நல்லா இருக்கு," என்று பொய் சொல்லி எழுந்தாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

படியில் கேட்டாள்: "அப்படி என்னதான் இருக்கு அங்க?"

"ஒண்ணுமில்ல. டீயும் நல்லா இல்ல." இரண்டு படி ஏறினான். "அங்க குடிச்சா குடிச்சதுதான். பரீட்சை கிடையாது."

வீட்டில் வசந்த இலை இன்னும் கிண்ணத்தில் ஈரமாக இருந்தது. ஒரே ஒரு சுற்று ஊற்றிய இலை. சோக் லியன் அதை அப்படியே தட்டில் கவிழ்த்தாள். டப்பாவை எடுத்தாள்.

"வாங்க, உக்காருங்க," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீ' என்றே அழைத்தவள்.

புங் ஹாய்க்குப் புரிய நேரம் ஆகவில்லை. டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கித் தள்ளி வைத்தான். குனிந்து, தட்டில் சிதறிய இலைகளைத் தடித்த விரல்களால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பக் கிண்ணத்தில் போட்டான்.

அவள் கொதிநீரை ஊற்றினாள். மூச்சைப் பிடித்துப் பொறுத்திருந்து மூடியை எடுத்தாள். மூக்கடியில் பிடித்தாள். கை பழக்கத்தில் மேசையைத் தாண்டி நீண்டது. பாதி வழியில் நின்றது. மூடியைத் திரும்பக் கிண்ணத்தில் வைத்து, மூன்று குவளையிலும் ஊற்றிவிட்டு, மூன்றாவது குவளையை மெல்ல அவன் பக்கம் தள்ளினாள்.