ஹாரன் மாட்டிய ஜன்னல்

பேருந்து ஓட்டிய காலத்தில், சிக்னல் பச்சையாவதற்குள் ஹாரன் அடித்துவிடுவார் மனுஷர். பணிமனையில் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்றதும் ஹாரன் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். அதையும் அவசரமாகத்தான் வாங்கினார்.

படகின் அறையில், படுக்கைக்கு மேலே கூரையில் திறக்க முடியாத ஜன்னல் ஒன்று. முதல் பயணத்திலேயே அதன் ஓரமாகக் கசிந்த தண்ணீர் மனைவியின் காதுக்குள் சொட்டியது. அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்; லேசில் முகம் சுளிக்காதவர். அன்று சுளித்தார்.

"இது ஒழுகுறது நிக்கிற வரைக்கும் நான் கூட வர மாட்டேன். நீங்களே தனியா கடலைச் சுத்துங்க."

தனியாகச் சுற்ற யாருக்கு வேண்டும்? படகு வாங்கியதே அவரோடு போகத்தானே!

இரண்டு முறை சட்டத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுக் கண்ணாடி வைத்து, மூச்சைப் பிடித்து ஸ்க்ரூக்களை முறுக்கினார். பசையெல்லாம் வெளியே பிதுங்கியது. "எப்படி இறுகிடுச்சு பாரு!" என்று பூரித்தார். இரண்டு முறையும் ஒழுகியது.

மூன்றாவது முறை மனைவி பசை டியூபை வாங்கிப் படித்தார். "முதல்ல லேசாத்தான் முறுக்கணுமாம். பசை ரப்பர் மாதிரி ஆனப்புறம் இறுக்கணுமாம். போன ரெண்டு தடவையும் நீங்க மொத்தப் பசையையும் பிழிஞ்சு வெளியே தள்ளியிருக்கீங்க."

"இந்தத் தடவை லேசாத்தான் முறுக்கியிருக்கேன். இன்னும் ஒரே ஒரு சுத்து..."

ஸ்க்ரூடிரைவர் மனைவியின் கைப்பைக்குள் போனது. கைப்பை ஆஸ்பத்திரிக்குப் போனது.

பசை காய்கிற வரை ஹாரன் பட்ட பாடு சொல்லி மாளாது. பக்கத்துப் படகுகளில் ஸ்க்ரூடிரைவர் கேட்டுப் பார்த்தார். அம்மாள் முன்னமே சொல்லி வைத்திருந்ததால் ஒருவரும் தரவில்லை. சிரிப்பை மட்டும் தாராளமாகத் தந்தார்கள்.

ஒருவழியாக அனுமதி கிடைத்து, ஸ்க்ரூக்களை இறுக்கியாயிற்று. மறுநாள் காலை மனைவி நைட் டூட்டி முடித்து நேராகப் படகுக்கு வந்து, ஜன்னலுக்கு நேர் கீழே படுத்தார். "ஊத்துங்க, பார்க்கலாம்."

ஹாரன் மேலே ஏறி ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். உள்ளே சத்தமில்லை. இன்னொரு வாளி. மூச்சுப் பேச்சில்லை. கோபத்தில் வாயடைத்துப் போய்விட்டாளோ? வாளியும் கையுமாக உள்ளே ஓடினார்.

மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஹாரன் தலையணையைத் தொட்டுப் பார்த்தார். துளி ஈரமில்லை. சந்தோஷத்தில் குதிக்கத் தோன்றியது. படகு ஆடுமே என்று அடக்கிக்கொண்டார். அப்படியும் வாளி கதவில் இடித்தது.

மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "இன்னுமா ஊத்தலை?"