தேரன்று என் காரின் ஓட்டம்

என் காரைக் கேலி செய்யாமல் என் கணவருக்கு ஒரு பொழுதும் போகாது. "செல்போனுக்குச் சக்கரம் மாட்டுன மாதிரி இருக்கு" என்பார். வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் போதும். நான் காப்பி கொண்டுவரும் நேரம் பார்த்து, "பக்கத்துல இருக்கற அம்மா மண்டபம் வரைக்கும் போயிட்டு வரும். அதுக்கு மேல போகச் சொன்னா அழுதுரும்" என்று ஆரம்பிப்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கோ முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

சின்ன மின்சாரக் கார்தான், ஒத்துக்கொள்கிறேன். அதுவும் ஒருவர் ஓட்டிவிட்டு விற்றது. ஆனால் பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு, ஐம்பதைத் தாண்டிய வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, நானே பார்த்து, நானே வாங்கிய வண்டி அது. கல்யாணமான நாளிலிருந்து டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "இங்க லெஃப்டா, ரைட்டா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் எங்கள் வீட்டு வாசலில் அது சார்ஜ் ஏறிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாலே எனக்கு ஒரு மிதப்பு வரும்.

திருச்சியில் மின்சாரக் கார் வைத்திருக்கும் எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எந்த சார்ஜர் வேலை செய்கிறது, எந்த சார்ஜருக்குப் பக்கத்தில் நல்ல பொங்கல் கிடைக்கும் என்பதுதான் அதில் பேச்சு. ஒரு நாள் சென்னைக் குழுவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை மின்சாரக் கார்களின் தொடர் ஓட்டம். ஒரே கார் முழுத் தூரமும் போகக்கூடாது. ஒரு கொடியை ஒரு கார் கொண்டுவந்து கொடுக்க, அடுத்த கார் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

முதல் ஆளாக "நான் வரேன்" என்று போட்டது நான்தான். யோசித்தெல்லாம் போடவில்லை.

தென்னூரில் பல் டாக்டராக இருக்கும் ஒரு பெண்மணியின் கிளினிக்கில் நாங்கள் கூடினோம். கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறியதும், காத்திருப்போர் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டோம். டாக்டர் ஒருவர். கைலாசபுரம் குடியிருப்பிலிருந்து தொழிற்சாலை எஞ்சினியர் ஒருவர். எங்கள் எல்லோருக்கும் அவர் 'சார்'. துறையூரிலிருந்து ஒரு விவசாயி. மோட்டார் கொட்டகை மேல் சோலார் பலகை போட்டு அதிலேயே காருக்கும் சார்ஜ் ஏற்றுகிறவர். நாலாவது நான். டாக்டர் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் பல்செட்டை எடுத்து திருச்சி என்று நடுவில் வைத்தார் சார். அவருடைய பேனா மதுரை, என் கார் சாவி பெரம்பலூர்.

சாரின் கார் பெரியது. அவர் மதுரைக்குப் போய்க் கொடியை வாங்கி திருச்சி வரை கொண்டுவருவார். திருச்சி பைபாஸில் நான் வாங்கிக்கொண்டு பெரம்பலூர் வரை. அங்கே துறையூர்க்காரர் வாங்கிக்கொண்டு விழுப்புரம் வரை. டாக்டர் பின்னால் துணை வண்டியாக வருவார், வழியில் யாருக்காவது ஏதாவது ஆனால் உதவ.

"உங்க வண்டி பெரம்பலூர் தாங்குமா மேடம்?" என்று கேட்டார் சார்.

"ஏன் தாங்காது? தாங்கும்" என்றேன். தாங்குமா என்று எனக்கே தெரியாது.

மறுநாளே டாக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். கொள்ளிடம் பாலம் தாண்டினதும் ஏசியை அணைத்தேன். சமயபுரம் தாண்டினதும் இரண்டு பேருக்கும் வியர்வை வழிந்தது. லாரிகளெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. ஒரு டிராக்டரை நாங்கள் தாண்டினோம், அதற்கே டாக்டர் கை தட்டினார். பாடாலூர் பக்கம் வந்தபோது மீதி சார்ஜைப் பார்த்தேன். நான் பயந்ததைவிட நிறையவே இருந்தது. பெரம்பலூர் போய்ச் சேர்ந்து இளநீர் குடித்தபோது எனக்கு வாயெல்லாம் பல்.

"அல்ஹம்துலில்லாஹ், இனிமே ஏசி போட்டுக்கலாம்ல?" என்றார் டாக்டர். திரும்பி வரும்போது போட்டோம். அதற்கும் தாங்கியது.

எல்லாம் சரி, நாள் எது? திருச்சி நடுவில் இருப்பதால் நாளை நீங்களே குறியுங்கள் என்று சென்னையிலிருந்து எங்களிடம் விட்டிருந்தார்கள். மதுரையும் சரி என்றுவிட்டது. கோடை விடுமுறையாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. சாருக்கு எந்த நாளும் ஒன்றுதான். துறையூர்க்காரர்தான் பிடிவாதமாக நின்றார்.

"தூரப் பயணங்க. நட்சத்திரம் பாக்காம கிளம்பக் கூடாதுங்க அக்கா. எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க."

போனிலேயே பஞ்சாங்கத்தைத் திறந்தார். இந்த நாளில் கரிநாள், அந்த நாளில் அஷ்டமி என்று தள்ளிக்கொண்டே வந்து, "இந்தா, ரேவதி. பயணத்துக்கு ஏத்த நட்சத்திரம்" என்று நிறுத்தினார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "ரேவதியா! எங்க ரங்கநாதர் நட்சத்திரமாச்சே! இதைவிட நல்ல நாள் எங்க கிடைக்கும்?" என்று நான்தான் குதித்தேன். சார் அங்கேயே உட்கார்ந்து சென்னைக்கும் மதுரைக்கும் செய்தி அனுப்பினார். அவர்கள் லீவு போட்டார்கள், தங்க இடம் பிடித்தார்கள். காவிரிப் பாலத்தில் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது நான் சத்தமாகப் பாடிக்கொண்டே வந்தேன்.

இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் நாளைச் சொன்னேன். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ரசம் புரையேறும் வரை சிரித்தார்.

"சித்திரை மாசம், ரேவதி. அன்னைக்கு நம்ம வாசல்ல என்ன வருதுன்னு யோசிச்சியா?"

அப்போதுதான் உறைத்தது. சித்திரைத் தேர். எங்கள் வீதியிலேயே, எங்கள் வாசல் வழியாகவே வரும் தேர். அன்றைக்கு எங்கள் வீதியிலிருந்து ஒரு வண்டியும் வெளியே போக முடியாது.

இத்தனை வருஷம் இந்த வீட்டில் குடித்தனம் நடத்தியவளுக்கு அது எப்படி மறக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நான் தென்னூரில் பிறந்து வளர்ந்தவள். எனக்குத் தேர் என்பது நட்சத்திரம் அல்ல, வேலை. மாமியார் இருந்தவரை, "இந்தத் தேதி தேர், பால் சொல்லி வை" என்பார். அதற்குப் பிறகு கணவர் சொல்வார். அன்றைக்கு மாடி கொள்ளாமல் சொந்தக்காரர்கள் வருவார்கள். விடியும் முன் எழுந்து புளியோதரை கிளறி, அண்டா அண்டாவாக நீர்மோர் கரைத்து, வாசலில் நின்று ஊற்றுவேன். தேர் எங்கள் வாசலைத் தாண்டும்போது பாதி நேரம் நான் உள்ளே மோர் கரைத்துக்கொண்டிருப்பேன். ரேவதி என்று துறையூர்க்காரர் சொன்னபோது என் கண்ணில் பெருமாள் தெரிந்தார், அண்டா தெரியவில்லை.

குழுவில் விஷயத்தைச் சொன்னேன். துறையூர்க்காரர் தலையில் அடித்துக்கொள்வது போன்ற படம் ஒன்றைப் போட்டார். அவர் வீட்டார் வருஷா வருஷம் தேருக்கு வருகிறவர்கள். அவருக்கும் அன்றைக்கு வீட்டில் நல்ல பாட்டு கிடைத்திருக்கிறது. நாளை மாற்றலாமா என்றால், மற்ற ஊர்க்காரர்கள் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார்கள். கடைசியில் சார் எழுதினார்: "நாளை மாற்ற வேண்டாம். என் வண்டி மதுரையில் ஏறிய சார்ஜில் பெரம்பலூர் வரையே போய்விடும். திருச்சியில் கைமாற்றத் தேவையில்லை. மேடம் வீட்டு விசேஷத்தைப் பார்க்கட்டும்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். ஆனாலும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் பங்கு இல்லாமலே இந்த ஓட்டம் நடந்துவிடும். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. எனக்கு அடுத்த வாய்ப்பு எப்போது வரும்? வந்தாலும் அன்றைக்கு வீட்டில் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ இருக்காதா?

"என் தூரத்தை நான்தான் ஓட்டுவேன்" என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் கூப்பிட்டார். "முதல் நாள் சாயங்காலமே வண்டியை எங்க வீட்டுக்குக் கொண்டாந்துருங்க அக்கா. சார்ஜ் போட்டுக்கலாம். நீங்களும் இங்கயே தூங்குங்க. காலைல சேர்ந்தே போவோம்."

வண்டிக்கு வழி கிடைத்துவிட்டது. வீட்டுக்கு? கணவரிடம் சொன்னேன், சுற்றி வளைக்காமல். "முந்தின நாள் சாயங்காலம் நான் தென்னூர்ல டாக்டர் வீட்டுக்குப் போறேங்க. தேரன்னைக்கு இருக்க மாட்டேன்."

அவர் எங்கள் பாத்திரக்கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கேலியாவது செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் பாட்டுக்குக் கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். நான் பாட்டுக்குப் புளிக்காய்ச்சல் செய்து ஜாடியில் வைத்தேன், நாத்தனாருக்குப் போன் செய்து சீக்கிரம் வரச் சொன்னேன், மோருக்குப் பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் எடுத்துவைத்தேன். அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கோபமா, வருத்தமா என்றும் தெரியவில்லை. போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட ஒரு தடவை தோன்றியது. ஆனால் வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்ததும் அந்த நினைப்பு ஓடிவிட்டது.

முதல் நாள் சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், வீதி முழுக்க ஜனம். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் நடுவீதியில் ஓடின. வண்டியைக் கிளப்பினேன். என் கார்தான் சத்தமே போடாதே! முன்னால் உட்கார்ந்திருந்த யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹாரன் அடிக்க மனசு வரவில்லை. அத்தனை பேரும் சாமி பார்க்க வந்தவர்கள்.

அப்போது கணவர் படியிறங்கி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு முன்னால் போய் நின்றார்.

"ஓரம்! ஓரம் போங்க! கரண்டு வண்டி வருது, சத்தம் கேக்காது, பாத்துப் போங்க! யம்மா, பிள்ளையைப் பிடிங்க!"

கடையில் ஒரு வார்த்தை உரக்கப் பேசாதவர். வீதியே திரும்பிப் பார்த்தது. அவர் ஒரு கையை உயர்த்திக்கொண்டு முன்னால் நடக்க, நான் ஆமை வேகத்தில் பின்னால் போனேன். தெரிந்தவர்கள் கடை வாசலில் நின்று, "என்னங்க, தேர் நாளைக்குத்தானே?" என்று கிண்டல் செய்தார்கள். அவர் காதில் வாங்கவே இல்லை. ராஜகோபுரம் வரை அப்படியே நடந்தார். அங்கே வந்ததும் ஜன்னல் பக்கம் குனிந்தார். முகமெல்லாம் வியர்வை.

"மோர் நான் ஊத்திக்கிறேன். நீ பத்திரமா போயிட்டு வா."

தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் எதிரே பஸ் பஸ்ஸாக ஜனம் ஸ்ரீரங்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஊரை விட்டு வெளியே போன ஒன்றிரண்டு வண்டிகளில் என்னுடையதும் ஒன்று.

மறுநாள் காலை பைபாஸில் ஒரு ஓட்டல் வாசலில் காத்திருந்தோம். தூரத்தில் சாரின் கார் தெரிந்ததுமே டாக்டர் விசிலடித்தார். பல் டாக்டருக்கு அவ்வளவு பெரிய விசில் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சார் இறங்கி ஓடிவந்து கொடியை என் கையில் கொடுத்தார். "போங்க மேடம், போங்க!" என்று கத்தினார். மதுரையிலிருந்து ராத்திரியெல்லாம் தூங்காமல் வந்தவர்போல் கண் சிவந்திருந்தது, ஆனால் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். கொடியைப் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன். இத்தனை வருஷம் நான் உட்கார்ந்த சீட் அது.

பைபாஸ் பாலத்தில் ஏறினதும் இடது பக்கம் ராஜகோபுரம் தெரிந்தது. போன் அடித்தது. கார் ஸ்பீக்கரில் எடுத்தேன். கணவர்.

"அண்டாவுக்கு உப்பு எவ்வளவு போடணும்?"

"ரெண்டு கை போடுங்க. கலக்கிட்டு வாயில ஊத்திப் பாருங்க. தேர் எங்க வந்திருக்கு?"

"மூலைல திரும்புது. கேளு." போனை நீட்டியிருக்க வேண்டும். 'ரங்கா! ரங்கா!' என்று கூட்டத்தின் குரல் கார் முழுக்க நிறைந்தது. நான் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வழக்கமாக இந்த நேரத்தில் நான் உள்ளே அண்டா பக்கத்தில் இருப்பேன். இன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன்.

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கொஞ்சம் தயங்கி, இந்தக் கார் வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்காததைக் கேட்டார்.

"வண்டியில சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

"தொண்ணூத்தாறு பர்சென்ட்டுங்க."

"போதுமா?"

"தாராளமாப் போதும்" என்றேன்.