டிக்கெட் வாங்காத பக்கத்து வீட்டுக்காரி

பிரான்சின் பாஸ்க் கடற்கரையில் இருக்கும் அந்தக் கோட்டையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ சனம் வருகிறது. கஷுஷாவுக்கு வேலியைத் தாண்டினால் கோட்டை. ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் அண்டை வீடு என்று ஒன்று உண்டு. சாவு விழுந்தால் முதலில் ஓடி வருவது அவர்கள்தான். புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் போய்த் தட்ட வேண்டியதும் அவர்கள் கதவைத்தான். அபிசீனியாவெல்லாம் சுற்றிவிட்டு வந்து, கூர்கூராகக் கோபுரம் வைத்து இந்தக் கோட்டையைக் கட்டிய பிரபுவே, கொள்ளுப்பாட்டி காலத்தில், கஷுஷாவின் வீட்டுக் கதவைத் தட்டி, சமையலறைச் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் குடிபுகுந்தார். அவர் வாரிசில்லாமல் போய்ச் சேர்ந்த பிறகு கோட்டை காட்சியகமாகிவிட்டது. வந்த நிர்வாகிகளில் ஒருத்தராவது தட்டவேண்டுமே! ஒரு மகானுபாவர் மட்டும் தபாலில் இலவச டிக்கெட் அனுப்பினார்.

"பக்கத்து வீட்டுக்காரிக்கு டிக்கெட்டாம், டிக்கெட்டு!" என்று அதை அடுப்பில் போட்டாள் கஷுஷா.

இப்போது வயதாகி முழங்கால் மக்கர் பண்ணவும் அவளுக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது. பார்க்காமலே கண்ணை மூடிவிடுவோமோ? புருஷன் எர்ரமுன் வேறு சும்மா இருப்பதில்லை.

"பேசாம வரிசையில போய் நில்லேன்டி. முக்காடு போட்டுக்க, யாருக்கும் தெரியாது."

"வாயை மூடிக்கிட்டு சூப்பைக் குடிங்க."

பேய்க்காற்று அடித்த ஒரு நாள் கதவு தடதடத்தது. வாசலில் ஒற்றைச் செருப்போடு ஒரு பெண். போர்தோ நகரத்திலிருந்து வந்த புது நிர்வாகி கிளேர்.

"அம்மா, பறந்துபோன போர்டைப் பிடிக்க வெளிய ஓடினேன், கதவு சாத்திக்கிச்சு. சாவியெல்லாம் உள்ள. வாசல்ல ஒரு பஸ் கூட்டம் நிக்குது. முதல் அண்டை வீட்டுல போய்க் கேளுன்னு மீன்காரர் சொன்னாரு."

வந்துவிட்டாள்! தட்டிவிட்டாள்!

"இரு, வரேன்" என்று உள்ளே போனவள் மாதா கோயிலுக்குப் போடும் கறுப்பு உடையைப் போட்டு, தலைவாரி, ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவதற்குள் கிளேருக்கு உயிர் போய் உயிர் வந்தது. அடுப்புக்கு மேல் ஆணியில் தொங்கிய சாவிக்கு வருஷா வருஷம் எண்ணெய் போட்டது வீண்போகவில்லை. யாரும் சீண்டாத சமையலறைக் கதவு ஒரே திருப்பில் திறந்தது.

கஷுஷா எல்லாவற்றையும் பார்த்தாள். கல் முதலை, சுவரில் கொம்புத் தலைகள், புரியாத எழுத்துகள்.

"இதுக்கெல்லாம் யாரு தூசி தட்டுறது?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கு மனசு கேட்காமல் போனது சமையலறை அடுப்பைப் பார்த்துத்தான். நெருப்பில்லாத வீடும் ஒரு வீடா? கிளேர் கூட்டத்தைக் கவனிக்கப் போன நேரம் பார்த்து மூட்டிவிட்டாள். புகைபோக்கி நிறையக் காக்கைக் கூடு. கோட்டை முழுக்கப் புகை, அலாரம் காதைக் கிழித்தது.

"இதுவும் டிக்கெட்டுல சேர்த்தியா?" என்று கூட்டம் இருமிக்கொண்டே படம் எடுத்தது.

முகமெல்லாம் கரியோடு ஓடிவந்தாள் கிளேர். "அந்தச் சாவியைக் குடுங்க. வெளி ஆள்கிட்ட சாவி இருக்கக் கூடாது, அதான் சட்டம்."

கஷுஷா சாவியை மேசையில் வைத்துவிட்டு ரொட்டியை அதன் பக்கத்தில் வைத்தாள்.

கிளேர் சாவியைப் பார்த்தாள், தன் ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். பிறகு சாவியை எடுத்துக் கஷுஷாவின் கையில் திணித்தாள்.

"இது இங்க இருந்தா, அடுத்த தடவை யாருகிட்ட வந்து நிப்பேன்? நீங்க என்ன வெளி ஆளா?"


கஷுஷா மூக்கை உறிஞ்சினாள். "சரி சரி, ரொட்டி காய்ஞ்சிடும். கத்தியை எடு."